ஸ்டுடியோ ஃபிளாஷ் லைட்டில் பல்ப் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுடியோ லைட்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. நானும் படம் எடுப்பவன்தான். ஆனால் ஒருமுறை நண்பரின் லைட்டுக்குப் பல்ப் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோக்காரர், கல்யாண ஆல்பம் செய்பவர், வீட்டில் சேலை படம் எடுத்து விற்கும் அக்கா என்று எல்லாரும் என்னையே கூப்பிடுகிறார்கள். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். வோல்டேஜ் கணக்கெல்லாம் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு.

லைட்டுக்குள்ள ரெண்டு பல்ப் தெரியுதே, இதுல எது ஃபிளாஷ் அடிக்குது?

நடுவில் சாதாரண பல்ப் போல நிற்பது மாடலிங் லேம்ப். முகத்தில் நிழல் எங்கே விழுகிறது, கண்ணாடியில் பளபளப்பு அடிக்கிறதா என்று படம் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளத்தான் அது. அதைச் சுற்றி வளையல் மாதிரி வளைந்திருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய்தான் ஃபிளாஷ் டியூப். உள்ளே செனான் வாயு. படத்துக்கு வெளிச்சம் தருவது இதுதான்.

இரண்டையும் "பல்ப்" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். முதலாவதை மாற்றுவது பத்து நிமிட வேலை. இரண்டாவதைத் தொடுவதற்கு முன் இந்தப் பக்கத்தின் பின்பாதியைப் படித்துவிடுங்கள்.

ஃபிளாஷ் நல்லா அடிக்குது. நடு பல்ப் மட்டும் எரியல. என்ன போச்சு?

முதலில் பின்பக்கப் பட்டனைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு மாடலிங் அணைந்திருக்கும். எனக்கு வரும் போன்களில் பல இதோடு முடிந்துவிடும். பட்டன் சரியாக இருந்தால் லைட்டை அணைத்து, பல்ப் ஆறியதும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழை அறுந்து தொங்கினாலோ கண்ணாடி உள்ளுக்குள் கறுத்திருந்தாலோ பல்ப் போய்விட்டது என்று அர்த்தம்.

பல்ப் நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் ஹோல்டரிலோ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உள்ளே இருக்கும் டிம்மர் சர்க்யூட்டிலோ கோளாறு. அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். அதற்காக அன்றைய ஷூட்டை நிறுத்த வேண்டாம். மாடலிங் லேம்ப் இல்லாமலும் படம் அதேபோலத்தான் வரும். இருட்டில் ஃபோகஸ் தடுமாறும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையை முடியுங்கள்.

கடையில பல்ப் கேட்டா "எந்த டைப்பு"ங்கிறாங்க. என்னன்னு சொல்றது?

அடிப்பகுதி, வோல்ட், வாட். இந்த மூன்றையும் சொன்னால் போதும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்பும் பி22 ஹோல்டர். ஸ்டுடியோ லைட்டுகளில் பெரும்பாலும் திருகிப் போடும் ஈ27. அதாவது 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு. சில சிறிய லைட்டுகளில் இன்னும் ஒல்லியான ஈ14 இருக்கும். சிலவற்றில் திருகே இல்லாமல் இரண்டு கம்பிக் கால் மட்டும் உள்ள சின்ன ஹாலஜன் குப்பி இருக்கும். இதில் கால் இடைவெளி பல வகை. அதனால் பழைய பல்பை ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போவதுதான் நல்லது.

வோல்டேஜ்தான் ஆளைக் கவிழ்ப்பது. ஒருமுறை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு பல்ப் வரவழைத்தேன். திருகு சரி, 150 வாட் சரி. கழுத்தில் பொடி எழுத்தில் 110 வோல்ட் என்று இருந்ததைப் பார்க்கவில்லை. போட்டதும் கண் கூசும் வெள்ளையாக ஒரு வெளிச்சம், உடனே பட்டென்று ஒரு சத்தம். லைட்டின் முன் மாட்டும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் முழுக்கக் கண்ணாடித் தூள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பல்ப் என்றால் கழுத்தைக் கட்டாயம் படியுங்கள்.

கையால தொட்டா பல்ப் போயிடும்னு சொல்றாங்க. உண்மையா, சும்மாவா?

பாதி உண்மை. திருகு போட்ட ஹாலஜன் பல்புகளில் உள்ளே ஒரு சின்னக் குப்பி, அதற்கு வெளியே இன்னொரு கண்ணாடி இருக்கும். நாம் தொடுவது வெளிக்கண்ணாடியைத்தான், ஒன்றும் ஆகாது. வெறும் குப்பியாக வருகிற கம்பிக்கால் ஹாலஜனையும் ஃபிளாஷ் டியூபையும் வெறும் விரலால் தொடக் கூடாது. ஹாலஜன் குப்பி ஒழுங்காக வேலை செய்ய அதன் சுவரே 250 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை அந்தச் சூட்டில் அப்படியே வெந்து ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறி, கண்ணாடி வெளுத்து, பலவீனமாகி உடையும்.

தொட்டுவிட்டால் பதற வேண்டாம். எரிய விடும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, காய விடுங்கள்.

சரி, நடு பல்பை மாத்துறது எப்படி?

லைட்டை அணைத்து, சுவரிலிருந்து ஒயரையும் பிடுங்கிவிடுங்கள். ஃபேன் உள்ள லைட் என்றால் அணைக்கும் முன் மாடலிங்கை மட்டும் நிறுத்தி, ஐந்து நிமிடம் ஃபேனை ஓட விடுவது நல்லது. பிறகு கால் மணி நேரம் ஆற விடுங்கள். ஸ்டாண்டில் இருக்கும் லைட்டை மேசைமேல் இறக்கிப் படுக்க வையுங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தால் கை நேராக டியூபுக்குத்தான் போகும்.

சாஃப்ட்பாக்ஸ், ரிஃப்ளெக்டர், கண்ணாடிக் கோப்பை இருந்தால் அதையும் கழற்றுங்கள். பழைய துணிக் கையுறையோ மடித்த கைக்குட்டையோ எடுத்து பல்பின் கழுத்தருகே பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். சுற்றியிருக்கும் வளையத்தில் விரல் முட்டி படாமல் இருக்க வேண்டும். இந்த வேலையின் முழுக் கஷ்டமும் அதுதான். புதியதைப் போட்டு, மெதுவாக நின்றதும் விட்டுவிடுங்கள். பாட்டில் மூடி மாதிரி இறுக்கினால் அடுத்த முறை கழுத்தோடு ஒடிந்து வரும்.

அப்படித்தான் ஒடிஞ்சு வந்துருச்சு. திருகு மட்டும் ஹோல்டர்லயே மாட்டிக்கிச்சு!

ஒயர் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். முன்கேள்வியில் சொன்ன கால் மணி நேரம் இங்கே போதாது, அரை மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் பிடி போட்ட நோஸ் பிளேயரின் மூக்கைத் திருகின் உள்ளே விட்டு, வாயை விரித்துப் பிடித்தபடி இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். கண்ணாடித் துண்டுகளை பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், கண்ணில் வந்து விழும்.

உருளைக்கிழங்கை வெட்டிக் குத்தித் திருப்பும் வீடியோவைப் பலர் அனுப்புகிறார்கள். வீட்டு ஹோல்டரில் அதைச் செய்வது அவரவர் இஷ்டம். ஃபிளாஷ் டியூப் பக்கத்தில் ஈரக் காய்கறிக்கு வேலையே இல்லை.

பல்ப் போனதும் லைட்டே செத்துப்போச்சு. ஃபேன்கூட சுத்தல.

அது அநேகமாக ஃபியூஸ். இழை அறும்போது சில சமயம் பல்புக்குள் ஒரு தீப்பொறி ஓடி ஒரு நொடி ஷார்ட் ஆகும். அப்போது ஃபியூஸும் சேர்ந்து போய்விடும். பின்பக்கம் பவர் ஒயர் குத்தும் இடத்துக்கு அருகில் சின்ன இழுப்பறை போலவோ திருகு மூடியாகவோ இருக்கும். பல லைட்டுகளில் அந்த இழுப்பறைக்குள்ளேயே ஒரு ஸ்பேர் ஃபியூஸ் உறங்கிக்கொண்டிருக்கும். ஐந்து வருடம் வைத்திருப்பவருக்கே அது தெரிவதில்லை.

பெரும்பாலும் இருபது மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி ஃபியூஸ்தான். அதன் உலோக மூடியில் ஆம்பியர் எண்ணும், அதற்கு முன் டி அல்லது எஃப் என்ற எழுத்தும் இருக்கும். டி மெதுவாக அறுவது, எஃப் சட்டென்று அறுவது. இருந்ததையே போடுங்கள். ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதும் பேப்பர் ஃபாயில் வைப்பதும் லைட்டைக் கொளுத்தும் வேலை. புது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே வேறு கோளாறு இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

மூணு மாசத்துக்கு ஒரு பல்ப் போகுது. டூப்ளிகேட் பல்பா இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, லைட்டை எரிந்தபடியே நகர்த்துகிறீர்களா என்றுதான். சூடான இழை இளகியிருக்கும். அப்போது ஸ்டாண்டைத் தரையில் தரதரவென்று இழுத்தால் அதற்கு அந்த ஆட்டமே போதும். நகர்த்தும் முன் மாடலிங்கை அணைக்கப் பழகினாலே பல்ப் செலவு குறையும்.

அடுத்தது வோல்டேஜ். இழை பல்பில் வோல்டேஜ் ஐந்து சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரவில் 245, 250 என்று ஏறும் பகுதி என்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். அப்புறம், அடிக்கடி அணைத்துப் போடுவதும் கெடுதல்தான். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை சூடான இழையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். அதனால் போட்ட அந்த நொடியில்தான் கரண்ட் அள்ளிக்கொண்டு பாயும். பல்ப் போடும்போதே "டப்"பென்று போவது இதனால்தான்.

150 வாட்டுக்கு பதிலா 250 வாட் போட்டா படம் இன்னும் பிரைட்டா வருமே?

வராது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/125 வைத்து, கேமராவிலிருந்து ஃபிளாஷை அடிக்க வைக்கும் டிரிக்கரைக் கழற்றிவிட்டு மாடலிங் லேம்ப் மட்டும் எரிய ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய கறுப்பாகத்தான் வரும். கூடுதல் வாட் தருவதெல்லாம் சூடுதான். ஹோல்டர் கருகும், ஒயரின் தோல் காயும், சாஃப்ட்பாக்ஸ் துணி பழுக்கும். வெளிச்சத்தைக் குறுக்கும் குழாயான ஸ்னூட் மாட்டினால் 150 வாட்டே அதிகம். அப்போது மாடலிங்கை அணைத்தே வையுங்கள்.

வீட்டு எல்இடி பல்பே திருகு டைப்ல கிடைக்குதே, அதைப் போட்டா சூடும் இல்ல, கரண்டும் மிச்சம்?

போடலாம், சில நிபந்தனைகளோடு. ஃபிளாஷ் பவரைக் கூட்டிக் குறைக்கும்போது மாடலிங் வெளிச்சமும் சேர்ந்து கூடிக் குறையும் லைட்டாக இருந்தால் உள்ளே டிம்மர் இருக்கிறது. சாதாரண எல்இடி பல்ப் டிம்மரோடு ஒத்துப்போகாது. மினுக்கும், ஙொய்யென்று சத்தம் போடும், சீக்கிரம் போய்விடும். முழு வெளிச்சம் என்று தனி நிலை இருந்தால் அதில் மட்டும் வைத்துப் பயன்படுத்துங்கள்.

உருவத்தையும் பாருங்கள். எல்இடி பல்பின் அடி தடிமன், வளையத்துக்கு நடுவே நுழையாமல் டியூபில் முட்டும். முட்டும் என்று தோன்றினாலே விட்டுவிடுங்கள். அதன் பிளாஸ்டிக் குமிழும் ஃபிளாஷ் அருகிலேயே இருந்து நாளடைவில் மஞ்சளாகும். வெளிச்சமும் குறைவு: 150 வாட் ஹாலஜன் தருவது 2,000 லூமனுக்கு மேல், ஒன்பது வாட் எல்இடி சுமார் 900. குடைக்கு அது போதும், பெரிய சாஃப்ட்பாக்ஸில் நிழல் தெரியாது. நான் ஹாலஜனோடுதான் இருக்கிறேன். ஆனால் ஏசி இல்லாத அறையில் மே மாதம் குழந்தைப் படம் எடுப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஃபிளாஷ் டியூப்தான் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சார்ஜ் ஏறியதைக் காட்டும் ரெடி விளக்கு எரிகிறது, பீப் சத்தம் வருகிறது, ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அடிக்கவில்லை என்றால் சந்தேகம் டியூப் மேல். காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய "டிக்" மட்டும் வந்து வெளிச்சம் இல்லை என்றால், தூண்டும் மின்சாரம் வருகிறது, டியூப்தான் பதில் சொல்லவில்லை. ரெடி விளக்கே எரியாவிட்டால் பிரச்சினை சார்ஜ் ஏறும் பக்கம், டியூபை வாங்கிப் பயனில்லை.

பல டியூப்கள் சொல்லிவிட்டுத்தான் போகும். பத்து முறை அடித்தால் ஒரு முறை விடும். இரு முனைகளிலும் கண்ணாடி கறுக்கும். முனையிலுள்ள உலோகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தெறித்துப் படிவதால் வரும் கறுப்பு அது. லேசான கறுப்போடு நெடுநாள் ஓடும். விரிசலோ கண்ணாடியில் கொப்புளமோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

ஒயரைப் பிடுங்கிட்டா கரண்ட் இல்லையே, அப்புறம் எதுக்குப் பயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். ஃபிளாஷுக்கான மின்சாரம் அந்த நொடியில் சுவரிலிருந்து வருவதில்லை. உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள், பழைய ஆட்கள் சொல்லும் கண்டென்சர்கள், அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பல லைட்டுகளில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். லைட்டின் சக்தியை ஜூல் கணக்கில் சொல்வார்கள். 400 ஜூல் என்பது நாற்பது கிலோ மூட்டையை ஒரு மீட்டர் தூக்குகிற சக்தி. அது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெளியே வருகிறது. வெளிச்சமாக வந்தால் படம், உங்கள் கை வழியாக வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒயரைப் பிடுங்கியதும் அது உடனே காலியாவதில்லை.

டெஸ்ட் பட்டனை அழுத்திக் காலி பண்ணிட்டா போதாதா?

நல்ல டியூப் இருக்கும் லைட்டில் அது சரியான பழக்கம். பவரைக் குறைத்து, அணைத்து, ஒயரைப் பிடுங்கி, அடிக்காமல் நிற்கும்வரை அழுத்துங்கள். ஆனால் நீங்கள் டியூபை மாற்ற வந்திருப்பதே அது போய்விட்டதால்தானே? போன டியூப் அடிக்காது. அடிக்காவிட்டால் சேர்ந்திருப்பது வெளியேற வழியில்லை. செத்த லைட்தான் அதிகம் கடிக்கும். உள்ளேயே மெதுவாக வடிக்கும் ரெசிஸ்டர் பலவற்றில் உண்டு. ஆனால் அதுவும் போயிருந்தால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. அதனால் உங்கள் லைட்டின் கையேடு சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருங்கள். கையேடு இல்லையா, நான் ஒரு இரவு முழுக்க விட்டுவிடுவேன்.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனையிலும் வைத்துப் பொறி பறக்கவிடும் வித்தை வேண்டாம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் தன் ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினார். நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம், உலோகம் உருகி ஓடியது. மீட்டர் வைத்து அளந்து, பொருத்தமான ரெசிஸ்டர் வழியாக வடிப்பது அவர்கள் வேலை. இப்போது அவரும் அப்படித்தான் செய்கிறார்.

அப்போ எந்த லைட்ல டியூபை நானே மாத்தலாம்?

பெட்டியைத் திறக்காமல், முன்பக்கத்திலிருந்தே பிடுங்கிக் குத்தும்படி கால் வைத்த டியூப் என்றால் மாற்றலாம். கோடாக்ஸ் ஏடி600 போன்றவற்றில் இப்படித்தான். அதில் பேட்டரியையும் முதலில் கழற்ற வேண்டும். மேலே சொன்னபடி காத்திருந்து, உலர்ந்த கையுறை போட்டு, கண்ணாடியை அல்லாமல் அடியிலுள்ள பீங்கான் அல்லது பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள். சிவப்புக் குறி இருந்தால் புதியதும் அதே பக்கம் வர வேண்டும். டியூபின்மேல் ஒரு மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். பல ஆயிரம் வோல்ட் தூண்டுதல் அதன் வழியாகத்தான் வருகிறது. அது நகர்ந்தால் புது டியூபும் அடிக்காது.

டியூப் ஒயர்கள் உள்ளே சால்டர் செய்யப்பட்டோ திருகப்பட்டோ இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். அது மெக்கானிக் வேலை. கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷும் இந்த வகைதான். பேட்டரி சின்னதாக இருக்கிறதே என்று ஏமாந்து திறந்துவிடாதீர்கள், அதற்குள்ளும் 300 வோல்ட் அளவில் இருக்கிறது.

400 ஜூல் லைட்டுக்கு 300 ஜூல் டியூப் மலிவா கிடைக்குது, கால் பொருந்துது. போடலாமா?

வேண்டாம். தாங்க முடியாத சக்தியை ஒவ்வொரு அடிக்கும் அதன்மேல் இறக்குகிறீர்கள். குறைந்த பவரில் சில நாள் ஓடும். யாராவது ஃபுல் பவர் வைக்கும் நாளில் வெடிக்கும். கால் பொருந்துவது ஒரு அடையாளமே இல்லை. லைட்டின் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான டியூபையே வாங்குங்கள்.

புது டியூப் போட்டேன். அந்தப் பக்கம் மட்டும் நீலமா வருது, அதுவும் வேட்டியில!

இதைக் கேட்டவர் ஒரு கல்யாண வீட்டுக்காரரின் கோபத்தோடு வந்தார். டியூப்களில் இரண்டு வகை: கண்ணாடி பளிச்சென்று இருப்பது ஒன்று, புற ஊதாக் கதிரைத் தடுக்க லேசான மஞ்சள் பூச்சு போட்டது மற்றொன்று. பூச்சில்லாததிலிருந்து புற ஊதா அதிகம் வரும். சலவைத் தூளில் வெள்ளையைக் கூட்டிக் காட்டும் பொருள்கள் அந்தக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அதனால் முகம் சுமாராக இருக்கும், வெள்ளை வேட்டியும் சட்டையும் மட்டும் நீலம் பாயும். வொயிட் பேலன்ஸை மாற்றினால் வேட்டி வெளுக்கும், முகம் மஞ்சளாகிவிடும்.

பழைய டியூபில் பூச்சு இருந்ததா என்று பார்த்து அதே வகையை வாங்குங்கள். ஒரே வகை என்றாலும் நெடுநாள் ஓடியதற்கும் புதியதற்கும் நிறத்தில் சிறு வித்தியாசம் இருக்கும். இரண்டு லைட்டும் முகத்தில் விழுகிறது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. அது கட்டுப்படியாகாவிட்டால் புது டியூப் உள்ளதைப் பின்னணிக்குத் தள்ளிவிடுங்கள்.

டியூப் மாத்தியும் அடிக்கல. காசு போச்சா?

முதலில் டியூப் முழுக்க உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா, தூண்டு கம்பி தொடுகிறதா என்று பாருங்கள் (மறுபடியும் காத்திருந்து). இரண்டும் சரி என்றால் தூண்டும் மின்சாரம் தரும் கம்பிச் சுருளான டிரிக்கர் காயிலோ கெப்பாசிட்டரோ போயிருக்கும். நீண்ட நாள் கரண்ட் காட்டாமல் வைத்தால் கெப்பாசிட்டர் உள்ளுக்குள் கெடும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் மூடியிருந்த ஸ்டுடியோக்கள் திறந்தபோது, முதல் நாளே ஃபுல் பவர் வைத்து லைட்டைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வெகுநாள் கழித்து எடுக்கும் லைட்டைக் குறைந்த பவரில் வைத்து, அடிக்காமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள். ஓய்வில் இருக்கும் லைட்டுக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

பழைய டியூபைக் குப்பையில போடலாமா? விஷ வாயுவா அது?

செனான் எதனோடும் எளிதில் சேராத வாயு, விஷமில்லை. டியூப்லைட்டில் இருப்பது போலப் பாதரசமும் இல்லை. குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்காமல் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, "கண்ணாடி" என்று மேலே எழுதிக் கொடுங்கள். உடையாமல் இருந்தால் நான் ஒன்றை மட்டும் மாடல் எண் எழுதி இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். அடுத்த முறை கடைக்காரரிடம் கால் இடைவெளியையும் பூச்சையும் வாயால் விளக்க வேண்டியதில்லை.